சாஃப்ட்வேர் வேலைக்கான இன்டர்வியூ: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்மையில் வேலை மாறினேன். அதற்காகப் பெரியதும் சிறியதுமாகப் பல நிறுவனங்களில் இன்டர்வியூ கொடுத்தேன். சிலர் எடுத்தார்கள், சிலர் எடுக்கவில்லை, ஒன்றிரண்டு இடங்களிலிருந்து இன்றுவரை பதிலே இல்லை. பழைய வேலையில் கேள்வி கேட்கும் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். இது தெரிந்ததிலிருந்து நண்பர்கள், நண்பர்களின் தம்பி தங்கைகள், முன்பின் தெரியாதவர்கள் என்று எல்லோரும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே போட்டுவிடுகிறேன். இது சாஃப்ட்வேர் எஞ்சினியர் வேலைக்கு மட்டும்தான். மெக்கானிக்கல், சிவில் பக்கம் நடப்பது வேறு மாதிரி.

மொத்தம் எத்தனை ரவுண்டு இருக்கும்?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஆனால் அடிப்படை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் ரிக்ரூட்டர் ஒருவர் அரை மணி நேரம் பேசுவார். அப்புறம் ஆன்லைன் டெஸ்ட், அல்லது ஒரு எஞ்சினியருடன் வீடியோவில் ஒரு கோடிங் ரவுண்டு. அதைத் தாண்டினால் பெரிய சுற்று: 45 நிமிடமோ ஒரு மணி நேரமோ ஓடும் மூன்று முதல் ஆறு ரவுண்டுகள். பாதி கோடிங்காக இருக்கும், அனுபவம் உள்ளவர்களுக்கு ஒன்றோ இரண்டோ சிஸ்டம் டிசைன் வரும், அப்புறம் பழைய வேலையில் என்ன செய்தீர்கள், யாருடன் மோதினீர்கள் என்று குடையும் பிஹேவியரல் ரவுண்டு ஒன்று. சிறிய நிறுவனங்களில் எல்லாமே இரண்டு உரையாடல்களில் முடிந்துவிடுவதும் உண்டு.

கூகுள் தன்னுடைய பழைய இன்டர்வியூக்களை ஆராய்ந்து பார்த்து, நான்கு பேர் பேசினாலே 86 சதவீத நம்பிக்கையோடு முடிவெடுத்துவிடலாம், அதற்குப் பிறகு ஆள் சேர்க்கச் சேர்க்கக் கிடைக்கும் பலன் மிகச் சொற்பம் என்று கண்டது. அதனால் ஏழாவது ரவுண்டுக்கும் எட்டாவது ரவுண்டுக்கும் கூப்பிடுகிறார்கள் என்றால் உங்களிடம் ஏதோ குறை என்று நினைக்காதீர்கள். அவர்களுக்கே என்ன வேண்டும் என்று தெரியவில்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மை.

ரிக்ரூட்டருடன் பேசுவது வெறும் சம்பிரதாயம்தானே?

இல்லை. உங்களுக்கு உள்ளேயிருந்து தகவல் தரக்கூடிய ஒரே ஆள் அவர்தான். எந்த ரவுண்டில் என்ன பார்ப்பார்கள், எழுதும் கோடு (புரோகிராம்) ஓட வேண்டுமா அல்லது எழுதிக் காட்டினால் போதுமா, எந்த மொழியில் எழுதலாம், எந்த நிலைக்கு எடுக்கிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பெரும்பாலானோர் கேட்பதே இல்லை, கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். நீங்கள் தேறினால் அவருக்கும் லாபம்தான்.

ரெஸ்யூமே எத்தனை பக்கம் இருக்க வேண்டும்?

ஒன்று. அனுபவம் அதிகம் என்றால் இரண்டு. தெரியாத தொழில்நுட்பத்தின் பெயரைப் போடாதீர்கள், ஏனென்றால் இன்டர்வியூ எடுப்பவர் சரியாக அதில்தான் கை வைப்பார்.

கோடிங் ரவுண்டில் சரியான விடை எழுதினால் போதாதா? எல்லா டெஸ்ட் கேஸும் பாஸ் ஆகியும் என்னை எடுக்கவில்லையே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இன்டர்வியூ முடிந்து நீங்கள் வெளியே வந்ததும், கேள்வி கேட்டவர் உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுத வேண்டும். எடுக்கலாம், வேண்டாம் என்று ஒரு முடிவு, அதற்குக் கீழே ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ காரணம். அந்தக் குறிப்பைத்தான் மற்றவர்கள் படித்து முடிவெடுக்கிறார்கள், அவர்களில் பலர் உங்கள் முகத்தைப் பார்த்தது கூட இல்லை. அதாவது அந்த 45 நிமிடத்தில் உங்கள் வேலை விடை கண்டுபிடிப்பது மட்டும் இல்லை, எதிரே இருப்பவர் அந்தக் குறிப்பில் எழுதுவதற்குச் சரக்கு கொடுப்பதும்தான். முப்பது நிமிடம் மௌனமாக இருந்துவிட்டு அழகான கோடை எழுதி நிறுத்தினால் அவர் என்ன எழுதுவார்? "விடை சரி, எப்படி வந்தார் என்று தெரியவில்லை, முன்பே பார்த்த கேள்வியாக இருக்கலாம்." அவ்வளவுதான். நானே அப்படி எழுதியிருக்கிறேன், வேறு எழுத எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன், பல இடங்களில் கேட்கப்படும் பழைய கேள்விதான். ஒரு நாளில் நடக்கும் மீட்டிங்குகளின் தொடக்க நேரமும் முடிவு நேரமும் கொடுத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் நடத்தக் குறைந்தபட்சம் எத்தனை அறை வேண்டும்? கேட்டவுடன் கீபோர்டில் கை வைக்காதீர்கள். முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: பத்து மணிக்கு முடியும் மீட்டிங்கும் பத்து மணிக்குத் தொடங்கும் மீட்டிங்கும் ஒரே அறையைப் பயன்படுத்தலாமா? சின்னக் கேள்விதான், ஆனால் விடையையே மாற்றும், அதனால் அவர் குறிப்பில் ஒரு வரி ஏறிவிடும். அடுத்து, பட்டியல் எவ்வளவு பெரியது? நூறா, ஒரு லட்சமா? ஒரு லட்சம் என்றால் ஒவ்வொரு மீட்டிங்கையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிடுவதற்குச் சுமார் 500 கோடி ஒப்பீடு ஆகும், அது தாங்காது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த மெதுவான வழி தெரியும் என்று சொல்லிவிட்டுத்தான் அதைத் தள்ளிவைக்க வேண்டும், சொல்லாமல் தாண்டினால் உங்களுக்கு அது தோன்றவே இல்லை என்று அவர் நினைக்கக்கூடும்.

அப்புறம் யோசனைக்கு வாருங்கள். தொடக்க நேரங்களைத் தனியாகவும் முடிவு நேரங்களைத் தனியாகவும் வரிசைப்படுத்தி, நேரம் நகர நகர ஒரு மீட்டிங் தொடங்கினால் கணக்கில் ஒன்று கூட்டுவது, முடிந்தால் ஒன்று கழிப்பது, இடையில் கணக்கு எட்டிய உச்சம்தான் விடை. ஒரே நேரத்தில் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கினால் முடிவதை முதலில் எடுக்க வேண்டும், ஆரம்பத்தில் கேட்ட கேள்வி இங்கேதான் கைகொடுக்கிறது. ஒவ்வொரு பட்டியலையும் வரிசைப்படுத்த ஒரு லட்சத்தைப் பதினேழால் பெருக்கினால் வரும் அளவு, சுமார் 17 லட்சம் ஒப்பீடு, இரண்டுக்கும் சேர்த்து 34 லட்சம். 500 கோடி எங்கே, 34 லட்சம் எங்கே. இதைச் சொல்லி, "இந்த வழியில் எழுதட்டுமா?" என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகு எழுதுங்கள். எழுதி முடித்ததும் அவர் கேட்கும் முன் நீங்களே மூன்று மீட்டிங்கை வைத்துக் கையால் ஓட்டிக் காட்டுங்கள், காலிப் பட்டியல் வந்தால் என்ன ஆகும் என்றும் பாருங்கள்.

இதே கேள்வியை இருபது நிமிடத்தில் மௌனமாக முடித்தவரைவிட, நாற்பது நிமிடம் எடுத்து இப்படி முடித்தவரைத்தான் நான் எடுக்கச் சொல்வேன்.

பேசிக்கொண்டே யோசிக்க எனக்கு வரவே வராது. தனியாக உட்கார்ந்தால் போட்டுவிடுகிறேன், யாராவது பார்த்தால் மூளை நின்றுவிடுகிறது. நான் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லையா?

2020-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. கணினி அறிவியல் மாணவர்கள் 48 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவை வழக்கமான இன்டர்வியூ போல ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க ஒயிட்போர்டில் வாய்விட்டு யோசித்தபடி எழுதச் சொன்னார்கள், இன்னொரு குழுவைத் தனி அறையில் யாரும் பார்க்காமல் எழுதச் சொன்னார்கள். பார்க்கப்பட்டவர்களின் திறன் பாதிக்கும் கீழே போய்விட்டது. அதிலும் பெண்களில், பார்க்கப்பட்ட குழுவில் ஒருவர்கூடத் தேறவில்லை, தனி அறையில் எழுதியவர்கள் அத்தனை பேரும் தேறினார்கள். எண்ணிக்கை சிறியதுதான், அதை வைத்துப் பெரிய முடிவுக்குப் போக வேண்டாம், ஆனால் உங்களுக்கு வரும் நடுக்கம் உங்கள் அறிவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதற்கு இது போதும்.

சரி, நியாயம் இல்லை என்று தெரிந்துகொண்டு என்ன செய்வது, இன்டர்வியூ முறை நாளைக்கே மாறப்போவதில்லை. ஆள் முன்னால் பேசிக்கொண்டே எழுதுவதைத் தனிப் பயிற்சியாகச் செய்யுங்கள். நண்பர் ஒருவரை உட்காரவைத்து மாக் இன்டர்வியூ (ஒத்திகை) எடுக்கச் சொல்லுங்கள், அவருக்கு கோடிங் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவர் வெறுமனே பார்த்துக்கொண்டு இருந்தாலே போதும், அந்தக் கண்களுக்குத்தான் நீங்கள் பழக வேண்டும். இன்டர்வியூவிலும், "ஒரு இரண்டு நிமிடம் அமைதியாக யோசித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

லீட்கோடில் (கோடிங் கணக்குகள் போட்டுப் பழகும் தளம்) எத்தனை கணக்கு போட்டால் போதும்?

எண்ணிக்கையை விடுங்கள். ஐந்நூறு போட்டும் புதுக் கேள்வியில் தடுமாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அரே, ஸ்ட்ரிங், ஹேஷ் மேப், ஸ்டாக், க்யூ, மரம், கிராஃப், ஹீப், பைனரி சர்ச், ரிகர்ஷன், கொஞ்சம் டைனமிக் புரோகிராமிங். இவ்வளவுதான் பரப்பு. ஒவ்வொன்றிலும் சில கணக்குகளை மெதுவாகப் போட்டு, எதைப் பார்த்ததும் இந்த வழி என்று தோன்ற வேண்டும் என்பதைப் பிடித்துக்கொள்வது முக்கியம். போட்ட கணக்கையே ஒரு வாரம் கழித்து விடை பார்க்காமல் மறுபடி போட்டுப் பாருங்கள். வராவிட்டால் முதல் தடவை நீங்கள் அதைக் கற்கவில்லை, படித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பைனரி சர்ச் மாதிரி சுலபமானதை எல்லாம் கூடக் கேட்பார்களா?

கேட்பார்கள், நிறையப் பேர் விழுவதும் அதில்தான். வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடுவதுதான் பைனரி சர்ச். ஜாவாவின் சொந்த நூலகத்தில் இருந்த பைனரி சர்ச்சிலேயே ஒன்பது ஆண்டு அளவுக்கு ஒரு பக் (பிழை) ஒளிந்திருந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006-இல் தானே அதை விளக்கி எழுதினார். நடு இடத்தைக் கண்டுபிடிக்கத் தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுப்போம் இல்லையா, அரே மிகப் பெரியதாக இருந்தால் அந்தக் கூட்டலே 32 பிட் முழு எண்ணின் எல்லையான சுமார் 214 கோடியைத் தாண்டி எதிர்ம எண்ணாகிவிடும். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, பாதியாக்கி, தொடக்கத்தோடு கூட்டினால் பிரச்சினை தீர்ந்தது. இதை நீங்களே சொன்னால் எதிரே இருப்பவர் தலையாட்டுவார். ஆனால் பைத்தானில் எழுதிக்கொண்டு இதைச் சொல்லாதீர்கள், அங்கே முழு எண்ணுக்கு அப்படி ஓர் எல்லையே கிடையாது, மனப்பாடம் செய்தது தெரிந்துவிடும்.

முன்பே போட்ட கேள்வி வந்தால் சொல்ல வேண்டுமா?

சொல்லிவிடுவதுதான் நல்லது. "இது மாதிரி ஒன்று பார்த்திருக்கிறேன்" என்றால் சிலர் வேறு கேள்வி தருவார்கள், சிலர் பரவாயில்லை தொடருங்கள் என்பார்கள். தெரியாத மாதிரி நடிப்பதைக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். அப்படி நடிப்பவர்களில் பலர் சரியாக ஆறாவது நிமிடத்தில் "ஆ!" என்பார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டால்?

எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். "வரிசைப்படுத்தினால் முதல் பாதி தீர்கிறது, ஆனால் மூல வரிசை போய்விடுகிறதே" என்று சொன்னால் அவரால் உதவ முடியும், "தெரியவில்லை" என்றால் முடியாது. அவர் ஹின்ட் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஹின்ட்டை வாங்கி அதை வைத்து முன்னேறியது நல்ல விஷயமாகத்தான் பதிவாகும், கொடுத்த ஹின்ட்டைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சொந்த வழியிலேயே போனதுதான் கெட்ட பெயர் வாங்கித் தரும்.

சிஸ்டம் டிசைனில் கோடிக்கணக்கான பேர் பயன்படுத்தும் சிஸ்டத்தை வடிவமைக்கச் சொல்கிறார்கள், நான் அந்த அளவில் எதையும் கட்டியதே இல்லையே?

கேள்வி கேட்பவர்களிலும் பலர் கட்டியதில்லை. இந்த ரவுண்டில் சரியான விடை என்று ஒன்று கிடையாது, நீங்கள் எதை எதற்காக விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

நீளமான இணைய முகவரியைச் சுருக்கித் தரும் சேவையை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு எத்தனை புது முகவரி என்று கேளுங்கள். ஒரு கோடி என்கிறார் என்று வைப்போம். ஒரு நாளில் 86,400 நொடி, ஆக நொடிக்குச் சுமார் 116 புது முகவரி. எழுதுவதைப் போல நூறு மடங்கு படிக்கப்படும் என்று வைத்தால் நொடிக்குச் சுமார் 12,000 படிப்பு. ஒவ்வொன்றுக்கும் 500 பைட் என்றால் நாளைக்கு 5 ஜிபி, ஆண்டுக்கு 2 டிபிக்கும் குறைவு. இந்தக் கணக்கு முடிந்த இடத்திலேயே பாதி விஷயம் தெளிந்துவிடுகிறது: சேமிப்பு ஒரு பிரச்சினையே இல்லை, எழுதுவதும் இல்லை, படிப்பதுதான் சுமை, ஆக கேஷ் (அடிக்கடி கேட்கப்படுவதைக் கையருகே வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பு) எங்கே வைப்பது என்பதில்தான் நேரம் செலவிட வேண்டும். கணக்கே போடாமல் எடுத்த எடுப்பில் டேட்டாபேஸை இருபது துண்டாக உடைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, சுருக்கிய முகவரிக்கு எத்தனை எழுத்து? ஆங்கிலச் சின்ன எழுத்து, பெரிய எழுத்து, இலக்கம் சேர்த்து 62. ஆறு இடம் வைத்தால் 5,680 கோடி முகவரி கிடைக்கும், நாளைக்கு ஒரு கோடி என்றால் பதினைந்து ஆண்டுக்கு மேல் வரும். எல்லோரும் பழக்கதோஷத்தில் ஏழு என்பார்கள், ஏழில் மூன்றரை லட்சம் கோடி கிடைக்கும், அதுவும் தப்பில்லை, ஆனால் ஏன் என்று சொல்ல வேண்டும். அப்புறம் எனக்குப் பிடித்த இடம்: பயனரை மூல முகவரிக்குத் திருப்பிவிடும்போது 301 என்று அனுப்புவதா, 302 என்றா? 301 நிரந்தரம், பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை உங்கள் சர்வரைத் தொடாமலே போய்விடலாம், சுமை குறையும், ஆனால் எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்ற கணக்கு போச்சு. 302 தற்காலிகம், வழக்கமாக ஒவ்வொரு கிளிக்கும் உங்களிடம் வந்துதான் போகும். எது வேண்டும்? கணக்கு காட்டிக் காசு பார்க்கும் சேவை என்றால் 302. இப்படி இரண்டு வழியையும் வைத்து, ஒன்றைத் தேர்ந்து, காரணம் சொன்னால் அது அப்படியே குறிப்பில் ஏறும்.

இன்னொன்று, பெயர்களை உதிர்ப்பது. பல சர்வர்களில் ஓடும் சிஸ்டங்களைப் பற்றிய கேப் தேற்றம் என்று சொன்னாலே போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். எரிக் புரூவர் 2000-இல் முன்வைத்து, கில்பர்ட்டும் லின்ச்சும் 2002-இல் நிரூபித்தது என்பதெல்லாம் யாருக்கும் வேண்டாம். இரண்டு சர்வர்களுக்கு நடுவே நெட்வொர்க் அறுந்தால், இந்தச் சேவை பழைய பதிலைக் கொடுக்கட்டுமா, அல்லது பதிலே கொடுக்காமல் இருக்கட்டுமா? முகவரி சுருக்கிக்குப் பழைய பதில் பரவாயில்லை, வங்கிக் கணக்கின் இருப்புக்கு அப்படி இல்லை. இதைச் சொன்னால் போதும், தேற்றத்தின் பெயரே தேவையில்லை.

பிஹேவியரல் ரவுண்டுக்குத் தயாராக வேண்டுமா? பேசுவதுதானே?

கோடிங்குக்கு இரண்டு மாதம் உழைத்துவிட்டு இதற்கு அரை மணி நேரம்கூடக் கொடுக்காதவர்களைக் கண்டால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். நல்ல வேலை செய்தவர்கள்கூட இதில் சொதப்புகிறார்கள், ஏனென்றால் செய்த வேலை அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. ஐந்தாறு சம்பவங்களை முன்பே எழுதி வையுங்கள்: கஷ்டமான பக் ஒன்று, சக ஊழியரோடு கருத்து மோதல் ஒன்று, நேரத்துக்கு முடிக்க முடியாத வேலை ஒன்று, நீங்களாக முன்வந்து எடுத்துச் செய்தது ஒன்று, தோற்ற திட்டம் ஒன்று. ஒவ்வொன்றிலும் நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, என்ன செய்தீர்கள், என்ன ஆனது. "நாங்கள் செய்தோம், நாங்கள் முடிவெடுத்தோம்" என்று பன்மையிலேயே பேசிக்கொண்டு போவது நம்மில் பலருக்கு அடக்கம் கருதி வரும் பழக்கம். எதிரே இருப்பவருக்கோ நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுத வேண்டும். அங்கே மட்டும் "நான்" என்று சொல்லுங்கள், தற்பெருமை ஆகாது.

முடிவில் எண் இருந்தால் நல்லது, எட்டு நொடி எடுத்த பக்கம் ஒன்றரை நொடிக்கு வந்தது என்பது போல. இல்லாத எண்ணை இட்டுக்கட்ட வேண்டாம், இரண்டாவது துணைக் கேள்வியிலேயே அவிழ்ந்துவிடும்.

சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது, பேருந்தில் எத்தனை பந்து கொள்ளும் மாதிரியான புதிர்கள் இன்னும் வருமா?

அரிது. கூகுளின் மனிதவளத் துறைக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-இல் ஒரு பேட்டியில் இந்தப் புதிர்கள் முழு நேர விரயம், கேட்பவர் தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்ளத்தான் உதவும் என்ற பொருளில் சொல்லிவிட்டார். அதன் பிறகும் கேட்கிற இடம் என்றால் அந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு தகவல் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறையில் நல்ல ஆட்களை உண்மையிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்குத்தான். 1998-இல் ஷ்மிட், ஹண்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து, எந்தத் தேர்வு முறை பின்னாளைய வேலைத் திறனோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பட்டியல் போட்டார்கள். 2022-இல் பால் சாக்கெட்டின் குழு அந்தக் கணக்கைத் திருத்தியபோது பெரும்பாலான எண்கள் கீழே இறங்கின. முதலிடம் வந்தது எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே அளவுகோலில் கேட்கும் இன்டர்வியூ, அதுவே 0.42 தான். முழுப் பொருத்தம் என்றால் 1. ஆக, இருப்பதிலேயே சிறந்த முறையும் பாதி இருட்டில்தான் நடக்கிறது. மனம் போன போக்கில் பேசிப் பார்ப்பது அதைவிடக் கீழே.

2015-இல் மேக்ஸ் ஹோவெல் விஷயம் பலருக்கு நினைவிருக்கும். மேக் பயன்படுத்தும் எஞ்சினியர்களில் ஏராளமானோர் தினமும் தொடும், மென்பொருள்களை நிறுவ உதவும் ஹோம்ப்ரூவை உருவாக்கியவர், ஒயிட்போர்டில் பைனரி மரத்தைத் தலைகீழாக்கத் தெரியவில்லை என்று கூகுள் தன்னை எடுக்கவில்லை எனக் கோபமாக எழுதினார். பின்னாளில் அந்தப் பதிவு நியாயமானதில்லை என்று அவரே எழுதினார். மரத்தின் ஒவ்வொரு முனையிலும் இடதையும் வலதையும் மாற்றிப்போடுவது ஐந்தாறு வரி ரிகர்ஷன்தான், கற்றுக்கொண்டுவிட்டுப் போங்கள். ஆனால் அது வராததால் ஒருவர் எஞ்சினியர் இல்லை என்று ஆகாது.

இன்டர்வியூவில் ஏஐ பயன்படுத்தலாமா?

முன்பே ரிக்ரூட்டரிடம் கேளுங்கள். சில இடங்களில் அனுமதிக்கிறார்கள், சில இடங்களில் அதை வைத்து எப்படி வேலை செய்கிறீர்கள் என்பதையே பார்க்கிறார்கள், சில இடங்களில் தெரிந்தால் அத்தோடு முடிந்தது. திருட்டுத்தனமாகப் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று: கண் ஒரே திசையில் போய் வருவது, கேள்வி கேட்டதும் ஒரே மாதிரி சில நொடி மௌனம், அப்புறம் சரளமான விடை, "இந்த வரி ஏன்?" என்றால் திணறல். இது எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் பளிச்சென்று தெரியும்.

வீட்டில் செய்து அனுப்பும் வேலை கொடுத்தால்?

மூன்று நான்கு மணி நேர வேலை என்றால் செய்யலாம், எனக்கு நேரடி கோடிங்கைவிட அதுவே பிடிக்கும். ஒரு வாரம் விழுங்கும் என்றால் காசு தருவீர்களா என்று கேளுங்கள், இல்லை என்றால் நாகரிகமாக மறுத்துவிடுங்கள். அனுப்பும்போது எப்படி ஓட்டுவது, எதை வேண்டுமென்றே செய்யாமல் விட்டேன் என்று அரைப் பக்கம் எழுதி வையுங்கள்.

இன்டர்வியூ எடுப்பவரே மோசமாக நடந்துகொண்டால்?

நடக்கும். ஒரு நிறுவனத்தில் ஒருவர் நான் பேசும்போதெல்லாம் வேறு ஏதோ டைப் செய்துகொண்டே இருந்தார், குறிப்பெடுக்கிறார் போல என்று நினைத்தேன், அப்புறம் அவர் திரையைப் பகிர்ந்தபோதுதான் அலுவலக அரட்டையில் இருந்தது தெரிந்தது. கேள்வியை நடுவில் மாற்றினார், மாற்றியதை ஒப்புக்கொள்ளவும் இல்லை. முடிந்ததும் ரிக்ரூட்டருக்கு நடந்ததைக் குற்றச்சாட்டு தொனி இல்லாமல் எழுதி, முடிந்தால் வேறு ஆளோடு அந்த ரவுண்டை மறுபடி வைக்கச் சொல்லிக் கேட்டேன். வைத்தார்கள். எல்லா இடத்திலும் வைப்பார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முடிவு வருவதற்கு முன் எழுத வேண்டும், ரிஜெக்ட் ஆன பிறகு எழுதினால் அது புலம்பல் மாதிரி ஆகிவிடும்.

"எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றால் என்ன கேட்பது?

உண்மையில் உங்களுக்குத் தெரிய வேண்டியதை. கோடு எழுதி முடித்ததிலிருந்து அது பயனர் கைக்குப் போக எத்தனை நாள் ஆகும்? கடைசியாக நடுராத்திரி சிஸ்டம் விழுந்தபோது யார் எழுந்தார்கள், மறுநாள் என்ன நடந்தது? இந்த இடம் ஏன் காலியானது? பதிலைவிட, பதில் சொல்லும் முன் அவர் முகம் போகும் போக்கு முக்கியம்.

முடிவை யார் எடுக்கிறார்கள்?

ரவுண்டு எடுத்தவர்கள் எல்லோரும் முதலில் ஒருவர் குறிப்பை ஒருவர் பார்க்காமல் எழுதுவார்கள், அப்புறம் கூடிப் பேசுவார்கள், அல்லது அந்தக் குறிப்புகள் எல்லாம் தனிக் குழு ஒன்றுக்குப் போகும். அமேசானில் பார் ரெய்சர் என்று ஒருவர் இருப்பார், அந்த அணியைச் சேராதவர், அணிக்கு அவசரமாக ஆள் வேண்டும் என்பதற்காகத் தரத்தைக் குறைத்துவிடக் கூடாது என்று பார்ப்பது அவர் வேலை, அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஒரு ரவுண்டு சுமாராகப் போனால் எல்லாம் போச்சு என்று கிடையாது. நான்கு பேரில் ஒருவர் "யோசிக்கலாம்" என்று எழுதி, மற்ற மூவர் விவரமாக ஆதரித்து எழுதியிருந்தால் பெரும்பாலும் எடுப்பார்கள். நான்கு பேருமே "பரவாயில்லை" என்று மொட்டையாக எழுதியிருந்தால்தான் சிக்கல், உங்களுக்காக வாதாட அந்த அறையில் யாரும் இல்லை.

ரிஜெக்ட் ஆனால் ஏன் காரணம் சொல்வதில்லை?

வழக்கு வரும் என்ற பயம், விவாதம் செய்வார்கள் என்ற பயம், சோம்பல். கேட்டுப் பாருங்கள், ரிக்ரூட்டர் போனில் ஒரு வரி சொல்லக்கூடும், எழுத்தில் சொல்ல மாட்டார். பல நிறுவனங்கள் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி விண்ணப்பிக்க விடும். இரண்டு வாரமாகப் பதிலே இல்லை என்றால் ஒரு மெயில், ஒரு வாரம் கழித்து இன்னொன்று, அத்தோடு அந்த இடத்தை மறந்துவிடுங்கள்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று ஆரம்பத்திலேயே கேட்கிறார்களே?

"இந்த நிலைக்கு நீங்கள் வைத்திருக்கும் வரம்பு என்ன?" என்று திருப்பிக் கேளுங்கள். பழைய சம்பளத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயம் பல இடங்களில் இல்லை. கலிஃபோர்னியாவில் 2018-லிருந்து அதைக் கேட்பதே சட்டத்துக்கு எதிரானது. ஆஃபர் வந்ததும் மாதச் சம்பளம், போனஸ், பங்கு மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். பங்கு பெரும்பாலும் நான்கு ஆண்டில் பிரித்துத் தரப்படும், முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் ஒன்றும் கிடைக்காது என்பதுதான் வழக்கமான நிபந்தனை. பங்குச்சந்தையில் இல்லாத நிறுவனத்தின் பங்கு என்றால் அதை நம்பி வீட்டுக் கடன் வாங்கிவிடாதீர்கள். கூடுதலாகக் கேட்டால் ஆஃபரையே திரும்ப எடுத்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். மரியாதையாக, காரணத்தோடு ஒரு முறை கேட்டதற்கு அப்படி ஆனதை நான் கண்டதில்லை.

ஒரு ஆஃபர் கையில் இருக்கிறது, ஆனால் நான் ஆசைப்படும் நிறுவனத்தின் முடிவு இன்னும் வரவில்லை. என்ன செய்வது?

இரண்டு பக்கமும் உண்மையைச் சொல்லுங்கள். ஆஃபர் கொடுத்தவரிடம் யோசிக்க ஒரு வாரம் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். மற்றவரிடம் கையில் ஓர் ஆஃபர் இருக்கிறது, இந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள், மூன்று வாரமாக நகராத இடம் மூன்று நாளில் நகர்வதைப் பார்த்திருக்கிறேன். இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லாதீர்கள், கடிதத்தைக் காட்டச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சரி, கையெழுத்திட்ட ஆஃபர் கடிதம் வரும் வரை இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுக்க வேண்டாம், ரிக்ரூட்டர் போனில் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும்.